திண்டிவனம் அக்காவின் காது

திண்டிவனம் அக்கா கள்ள ஆட்டம் ஆடுகிறாள் என்று நான் முடிவே கட்டியிருந்தேன். ஆதாரம்தான் கிடைக்கவில்லை.

கல்லூரியில் எனக்கு ஒரு வருட சீனியர். வீட்டிலிருந்தே வானலையில் உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோவுக்கு உரிமம் இருவரும் சேர்ந்துதான் வாங்கினோம். அவரவர் மொட்டைமாடியில் ஆன்டெனா கம்பி கட்டினோம், நான் விழுப்புரத்தில், அவள் திண்டிவனத்தில். வருடாவருடம் ஒரு சனி, ஞாயிறு போட்டி வரும். எத்தனை பேரோடு, எத்தனை நாடுகளோடு பேசினோம் என்பதுதான் கணக்கு. எங்கள் பிரிவில் ஒரு கறார் விதி: துணை கூடாது. யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார் என்று உலகமே சேர்ந்து எழுதிப்போடும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. அதைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து யாரும் காதில் ஓதவும் கூடாது. துணையோடு ஆடுகிறவர்களுக்குத் தனிப் பிரிவு. ஆன்டெனாவுக்கென்று கோபுரமே நட்டு வைத்திருக்கும் பெரிய ஆட்கள் அங்கேதான் இருப்பார்கள்.

போன வருடம் இந்தியாவில் அவள் முதலிடம், நான் அடுத்த இடம். இருவரிடமும் ஒரே மாதிரி ரேடியோ, ஒரே நீளக் கம்பி. ஆனால் கடல் நடுவே எவனாவது ஒரு தீவுக்காரன் வாயைத் திறந்தால், நான் தேடிப் போய்ச் சேர்வதற்குள் அவள் குரல் அங்கே கேட்கும். ஒருமுறை என்றால் அதிர்ஷ்டம். ஒவ்வொரு முறையுமா?

இந்த வருடம் போட்டிக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை விழுந்து என் கம்பி அறுந்தது. அதிலும் அக்கா கை இருக்குமோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஞாயிறு காலை, கனெக்டர் இரவல் கேட்கும் சாக்கில் பஸ் ஏறிவிட்டேன்.

கூடத்தில் அவள் அப்பா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. வேவு பாக்க வந்தியா?"

"இல்லீங்கப்பா, ஒரு கனெக்டர்..."

"ஏன், விழுப்புரத்துல கடைங்க எல்லாம் மூடிட்டானுங்களா?"

உள்ளே அக்கா ஹெட்ஃபோன் மாட்டியிருந்தாள். மேஜை மூலையில் அவள் போன் குப்புறக் கிடந்தது. அது அதிர்ந்தது. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"எடுத்துதான் பாரேன்டா."

எடுத்தேன். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்கு யார் யார் வருகிறீர்கள் என்று சித்தி கேட்டிருந்தார்.

"அப்பா, இத்த நீயே வச்சிக்கினு இரு," என்று போனைக் கூடத்துக்கு அனுப்பினாள். "போதுமாடா?"

"ஹெட்ஃபோன்ல யாரும் ஓதலியே?"

"பேஜாரு புடிச்சவனே!" ஹெட்ஃபோன் ஒயரை வெடுக்கென்று பிடுங்கினாள். ஸ்பீக்கர் இரைந்தது. "நீயும் கேளு. நல்லா கேட்டுக்கோ."

பின்னால் உட்கார்ந்து கேட்டேன். கூடத்தில் அவள் அப்பா இருமினால்கூட அது சைகையோ என்று பார்த்தேன். இல்லை. அவள் டயலை ஆமை மாதிரி நகர்த்தினாள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிற இடம் வந்தால் அங்கேயே நின்றாள். இத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்றால் நடுவில் எவனோ அரிய ஆள் இருக்கிறான். கூட்டம் மூச்சுவிடும் இடைவெளியில் அவன் குரலைப் பிடித்தாள். நானோ கூட்டம் என்றாலே தாண்டி ஓடுகிறவன். இவ்வளவுதானா விஷயம் என்று தோன்றியது. ஆனால் ஆள் பார்க்கிறான் என்றால் எவரும் ஒழுங்காகத்தான் இருப்பார்கள்.

அப்போதுதான் இரைச்சலுக்கு அடியில் ஒரு மெல்லிய குரல் போனது. சுற்றிலும் கூட்டமே இல்லை. இன்னும் யாரும் அவனைக் கண்டுபிடிக்கவில்லை. அக்கா டயலை நகர்த்திப் போய்விட்டாள்.

"அக்கா, பின்னாடி போ! ஜல்தி! தீவுக்காரன்!"

அவள் கை டயலை விட்டு எழுந்தது.

"இப்ப இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலியே."

"சொன்ன."

அப்பா வாசல்படிக்கு வந்தார். "இன்னாம்மா?"

"ஆட்டம் போச்சுப்பா. இவன் ஓதிட்டான்."

"அந்த ஆள உட்டுட்டு வேற ஆள புடி. யாருக்குத் தெரியப்போவுது? வூட்ல நாம மூணு பேருதான்."

"மூணு பேருக்குத் தெரியுமே."

"நீ அவன கூப்பிடலன்னா கணக்குல வராதுக்கா," என்றேன். எனக்கே குரல் இறங்கிவிட்டது.

"வேவு பாக்க வந்தவன் இப்ப வக்கீலா?"

லேப்டாப்பில் தன் பிரிவை 'துணையோடு' என்று மாற்றினாள். நேற்றிலிருந்து தொண்டை கட்டக் கூப்பிட்டுச் சேர்த்த முதலிடம் அத்தோடு போயிற்று. கோபுரக்காரர்களுக்கு நடுவே இவளுடைய ஒற்றைக் கம்பி எந்த மூலைக்கு? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு லேசாக விடுகிறவளா இவள்? எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது.

"துணைன்னு ஆயிப்போச்சு. அப்ப முழுசா ஆவட்டும்," என்று பிரௌசரைத் திறந்தாள். முதல் எழுத்தைத் தட்டியதும் அந்த இணையப் பக்கத்தின் முகவரி தானாக வந்து நின்றது.

நான் அதையே பார்த்தேன்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்லக்கா."

"போட்டி இல்லாத நாள்ல எல்லாரும் பாக்கறதுதான். உன்னுதுல எப்டி வரும்?"

என்னுடையதில் எழுத்தே தட்ட வேண்டாம். திறந்தாலே அந்தப் பக்கம்தான். அதைச் சொல்லவில்லை.

"நாற்காலிய கிட்ட போடு," என்றாள். "அந்தத் தீவுக்காரன் எங்க இருந்தான்?"

வாய்க்குள்ளேயே சொன்னேன்.

"இப்பதான் சத்தமா சொல்லலாமே தம்பி," என்றார் கூடத்திலிருந்து அவள் அப்பா.