இழுவை பாய்

எனக்குக் கோபம் வந்தால் தோசை கருகிவிடும். அந்த மாதம் முழுக்க என் கடையில் கருகிய தோசைதான். சாப்பிட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். நான் யார் மேல் எரிந்துகொண்டிருந்தேன் என்று தெரிந்திருந்தால் அவர்களும் உட்கார்ந்து கூடச் சேர்ந்து திட்டியிருப்பார்கள்.

என் பெயர் பாஞ்சாலி. திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் டிபன் கடை வைத்திருக்கிறேன். கடையை ஒட்டிய ஷெட் ஷபியுல்லா பாயுடையது. ஷபியுல்லா என்று கேட்டால் இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. இழுவை பாய் என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். நடுரோட்டில் நின்றுபோன வண்டிகளைக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் தொழில்.

அரக்கோணத்தில் லாரி மெக்கானிக் ஒருவரின் மகன். கல்யாணமாகி மனைவி சர்வர் பேகத்தோடு இங்கே வந்தபோது அவரிடம் இருந்தது ஒரு பழைய ஜீப்பும் ஒரு வடக்கயிறும்தான். நின்ற காரை ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்து வருவார். அப்படி வந்த பெயர்தான் இழுவை பாய். பிறகு ஜீப் போய், கொக்கி வைத்த வண்டி வந்தது. காரின் முன்பக்கத்தைத் தூக்கி, பின்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வருவார். அதையும் இழுப்பது என்றுதான் சொன்னோம். இப்போது வைத்திருப்பது தட்டையான முதுகு உள்ள லாரி. காரை அப்படியே மேலே ஏற்றிக் கட்டிவிட்டால் நான்கு சக்கரமும் ரோட்டைத் தொடாது. அதற்கும் எங்கள் ஊரில் இழுப்பது என்றே பெயர். "உன் வண்டிய யாரு இழுத்துகினு வந்தது?" என்றுதான் கே.ஜி.கண்டிகையிலும் கேட்பார்கள், பள்ளிப்பட்டிலும் கேட்பார்கள்.

பாய் மகா கோபக்காரர். விபத்து நடந்த இடத்தில் யாராவது செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தால் போனைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், வேலை முடிந்த பிறகுதான் தருவார். ஒருமுறை கல்யாண மாப்பிள்ளையின் கார் பள்ளிப்பட்டு ரோட்டில் நின்றுவிட்டது. முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று மாப்பிள்ளை காரை விட்டு இறங்காமல் அழுதிருக்கிறான். பாய் அவனைத் திட்டிக்கொண்டே, காரோடு மாலையோடு லாரி மேல் ஏற்றி மண்டபத்து வாசலில் இறக்கினார். இன்றைக்கும் அந்தப் பையன் பக்ரீத்துக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போகிறான். "இவரு வாய்க்கு பிரேக் வைக்க எந்த மெக்கானிக்காலயும் ஆவாது" என்பார் சர்வர் பேகம்.

என் அக்கா பூவம்மாளின் மகன் கந்தன். மாமா எல்லப்பன் இருந்த துண்டு நிலத்தை விற்று அவனுக்கு ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கிக் கொடுத்தார். அரக்கோணம் ஸ்டேஷனில் இறங்குகிற பக்தர்களை மலைக்குக் கூட்டிவருவான். திருப்பதிக்கும் சவாரி போவான். அந்த வீட்டில் உலை கொதிப்பது அந்தக் காரால்தான். வேறு ஒன்றும் கிடையாது.

அந்தக் கார் ஒருநாள் மலைப்பாதை வளைவில் பொட்டென்று நின்றது. சக்கரம் நான்கும் இறுகிவிட்டன, தள்ளினாலும் நகரவில்லை. கார் வாரண்டியில்தான் இருந்தது. கம்பெனியின் உதவி எண்ணுக்குக் கந்தன் அடித்தான். அவர்கள் இந்தப் பக்கத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தது பாயோடுதான். அவர் போனார். எலக்ட்ரிக் காரைச் சக்கரம் தரையில் பட இழுத்தால் மோட்டார் கெட்டுவிடும், வாரண்டியும் போய்விடும். அது அவருக்குத் தெரியாதா? உருளை வைத்த குட்டிப் பலகைகள் நான்கை ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் கொடுத்து, பூப்போல லாரி மேல் ஏற்றி, திருவள்ளூரில் இருக்கும் ஷோரூமில் கொண்டுபோய் இறக்கினார்.

மறுநாள் என் கடையில் அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கார் கம்பெனியிலிருந்து போன் வந்தது. உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு குரல் சொன்னது. அப்புறம் ஒரு பெண் பேசினாள்.

"சார், மலையிலேர்ந்து வண்டிய இழுத்துட்டு வந்தது நீங்கதானே?"

"ஆங், நான்தான் மா. மலையிலேர்ந்து நேரா ஷோரூம் வரைக்கும் இழுத்துகினு வந்தேன்."

"நன்றி சார்" என்று வைத்துவிட்டாள். பாய் இன்னும் இரண்டு இட்லி கேட்டார். நானும் வைத்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

அடுத்த வாரம் கந்தனுக்குச் சேதி வந்தது. காரை ரோட்டில் இழுத்து வந்ததால் மோட்டார் கெட்டுவிட்டது, கொண்டுவந்தவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், வாரண்டி கிடையாது, வண்டியை எடுத்துக்கொண்டு போகவும். கந்தன் ஷோரூமுக்கு ஓடினான். கார் லாரி மேல் நிற்கிற போட்டோவைக் காட்டினான். மேலே ஏற்றுவதற்கு முன்னால் இழுத்திருக்கலாமே என்று மேனேஜர் சொன்னானாம். நின்றது எதனால் என்று கேட்டதற்கு, வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டானாம். நின்றுபோன காரைத்தானே ஐயா தூக்கி வந்தார்கள்! ஓடிக்கொண்டிருந்த காரையா வந்து இழுத்தார்கள்? இதைக் கேட்கிற புத்தி அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் ஒருத்தனுக்கும் இல்லை.

கந்தன் வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்தான். அழுதான். அப்புறம் பாயைப் பார்த்து, "ஏன் பாய் அப்பிடி சொன்னீங்க?" என்றான்.

பாய்க்கு முகம் செத்துப்போனது. திட்டு வாங்கிப் பழகியவர்தான், ஆனால் இந்தக் கேள்வியை அவரால் தாங்க முடியவில்லை. உடனே உதவி எண்ணுக்கு அடித்தார். தூக்கி வந்ததைத்தான் இழுத்து வந்ததாகச் சொன்னேன், எங்கள் ஊர்ப் பேச்சு அப்படி என்று மூன்று பேரிடம் மாறி மாறி விளக்கினார். பதிவில் இருப்பதுதான் கணக்கு என்று மூன்று பேரும் சொன்னார்கள். பாய் போனைத் தூக்கி டயர் குவியல் மேல் எறிந்தார்.

"முப்பது வருஷமா சொல்லிகினு கீற வார்த்த. அத்த எடுத்து என் பையன் கழுத்த அறுக்கறான்" என்றார். கந்தனை என் பையன் என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மறுநாள் காலை லாரியை எடுத்தார். கந்தன் ஏறினான். நானும் கடையைச் சாத்திவிட்டு ஏறிக்கொண்டேன். "நீ எதுக்கு மா?" என்றார் பாய். "திட்றதுக்கு ஆள் பத்தலன்னா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஷோரூமின் பின்பக்கம் வெயிலில் கிடந்தது கார். கோயில் பூசையில் வைத்த சந்தனம்கூட இன்னும் முகப்பில் காய்ந்து ஒட்டியிருந்தது. மேனேஜர் வந்தான். பெயர் நாகராஜன் என்று சட்டையில் குத்தியிருந்தான். "சீக்கிரம் எடுத்துட்டு போங்க, இடத்த அடைக்குது" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் கையைக் காட்டி அடக்கினார். ஒரு வார்த்தை பேசாமல் பலகைகளைக் கொடுத்துக் காரை ஏற்றினார். இவ்வளவு தூரம் வந்து, இப்படி வாயை மூடிக்கொண்டா திரும்புவது?

லாரி வாசல் கேட் வரைக்கும் வந்தது. அங்கே நிறுத்தி, காரைக் கேட்டுக்குக் குறுக்கே இறக்கினார். சக்கரத்துக்கு அடியிலிருந்து பலகைகளை உருவி லாரியில் போட்டார். லாரியை ஓரமாக விட்டு, இறங்கிக் கைகட்டி நின்றார்.

அந்தக் காரை இனி யாராலும் தள்ள முடியாது. புதுக் கார் எடுக்க மாலையோடு வந்த ஒரு குடும்பம் வெளியே நின்றது. உள்ளே வாங்கிய கார் ஒன்று வெளியே வர முடியாமல் ஹாரன் அடித்தது. நாகராஜன் ஓடிவந்தான்.

"என்னய்யா இது? எடு வண்டிய!"

"நீதான சார் எடுத்துகினு போன்னு சொன்ன? எடுத்துட்டேன். அதுக்கு மேல இழுத்தா வாரண்டி போயிடும்" என்றார் பாய்.

நாகராஜன் நான்கு ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னான். கார் அசையவில்லை. வேர்த்துக்கொட்ட, அவனே தன் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தான். "திருவள்ளூர் ஷோரூம். கேட்ல ஒரு கார் மாட்டிகிச்சு. உடனே ஆள் அனுப்பி இழுத்துட்டு போகச் சொல்லுங்க" என்று எங்கள் எதிரிலேயே கத்தினான்.

கொஞ்ச நேரத்தில் பாயின் சட்டைப்பையில் போன் அடித்தது. பக்கத்தில் இருக்கிற இழுவை வண்டி எது என்று கம்பெனியின் கம்ப்யூட்டர் தேடியிருக்கிறது. பத்தடி தூரத்தில் நின்ற பாயைக் கண்டுபிடித்துவிட்டது. அவர் ஸ்பீக்கரைப் போட்டார். அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்ற குரல் எல்லோர் காதிலும் விழுந்தது.

"சார், திருவள்ளூர் ஷோரூம்ல ஒரு எலக்ட்ரிக் கார். உடனே இழுக்கணும்."

"இழுக்கணுமா மா, தூக்கணுமா? ரோசன பண்ணி சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்றாள் அந்தப் பெண்.

பாய் போனை நாகராஜனின் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாலையோடு வந்த குடும்பத்துப் பெரியவர், "இன்னா பிரச்சனை?" என்றார். கந்தன் சொல்ல ஆரம்பித்தான். அவர் கேட்கக் கேட்க, மாலையை மெதுவாகக் கைப்பைக்குள் திருப்பி வைத்தார்.

அதைப் பார்த்ததும் நாகராஜன் இறங்கிவந்தான். "சரி பாய், நல்லெண்ணத்துல உள்ள எடுத்துக்கறோம்."

"உன் நல்லெண்ணத்த நீயே வச்சிக்கோ. நான் பிச்சைக்கு வரல. நான் ரோட்ல இழுக்கல, வாரண்டி கீதுன்னு சொல்லு. இங்க இல்ல, இந்தப் போன்ல சொல்லு. பதிவாவட்டும்."

நாகராஜன் சுற்றிப் பார்த்தான். போனை வாங்கி, வண்டி மேலே ஏற்றித்தான் கொண்டுவரப்பட்டது, வாரண்டியில் சரிசெய்யப்படும் என்று சொன்னான். கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண். மறுபடி சொன்னான். அதன் பிறகுதான் பாய் லாரியிலிருந்து பலகைகளை இறக்கினார்.

கந்தனின் கார் இப்போது ஓடுகிறது. கம்பெனி பாயின் ஒப்பந்தத்தை அந்த வாரமே ரத்து செய்துவிட்டது. இப்போது எங்கள் மலையில் அவர்களுடைய கார் நின்றால் சென்னையிலிருந்து வண்டி வரவேண்டும். பக்தர்கள் பிள்ளைகுட்டியோடு வெயிலில் காய்கிறார்கள். பொறுக்க முடியாதவர்கள் விசாரித்து எங்கள் ஷெட்டுக்குப் போன் செய்கிறார்கள்.

"பாய், கொஞ்சம் வந்து வண்டிய இழுத்துகினு போங்க" என்கிறார்கள்.

"ஆங், இழுத்துகினு வரேன்" என்கிறார் பாய். யாருக்காகவும் அவர் அந்த வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை.