மூன்று வீட்டுப் பிள்ளை

நீளமான மரப்பலகையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பஸ் ஏறினால், கண்டக்டர்கள் அதற்கும் டிக்கெட் கேட்பார்கள். குழந்தைகளைப் படுக்கவைத்து அளக்கிற பலகை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், இப்போதெல்லாம் "கட்டில்" என்றே சொல்லிவிடுகிறாள். முன்பு ஒன்பது வருடம் தையல் கடையில் துணி வெட்டியவள். வந்தவரின் தொப்பையைப் பார்த்தே இன்ச் சொல்லும் கண். ஆனால் இந்த வேலையில் கண்ணுக்கு மதிப்பில்லை. ஒவ்வொரு குழந்தையையும் பலகையிலும் எடை மெஷினிலும் இரண்டு முறை அளக்கவேண்டும், வந்த எண்ணை வந்தபடி எழுதவேண்டும்.

வெளியிலிருந்து வந்த நன்கொடையில் அந்தப் பகுதியில் நான்கு வருடமாகத் தாய்சேய் நலத் திட்டம் ஒன்று நடந்தது. பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு சந்தேகம்: பிள்ளைகள் நிஜமாகவே தேறினார்களா, காகிதத்தில் மட்டும் தேறினார்களா? திட்டத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒரு அலுவலகம் சீட்டுக் குலுக்கி வீடுகளைத் தேர்ந்தெடுத்து அவளை அனுப்பியது. பலகையக்கா என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

அன்று மூன்றாவது மாடி. வரிசையாகக் கதவுகள், கைப்பிடிச் சுவரெல்லாம் காயும் துணி. முதல் வீட்டில் ஒரு குண்டுப் பையன். பலகையில் முதுகு பட்டதும் கட்டடம் அதிரக் கத்தினான். எடை மெஷினில் பதினோரு கிலோ நூறு. இரண்டாவது வீட்டுப் பையன் நீலச் சட்டையில் வந்தான். லேசாகச் சிணுங்கினான். பதினோரு கிலோ நூறு. இருக்கலாம் என்று எழுதிக்கொண்டாள். மூன்றாவது வீட்டுக்குப் பட்டியலில் பெண் குழந்தை. கவுன் போட்டுத் தூக்கி வந்தார்கள். குழந்தை அவளைப் பார்த்ததும் பழைய சிநேகிதியைக் கண்டதுபோல் சிரித்தது. பிறகு யாரும் சொல்லாமலே பலகையில் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டது.

பலகையக்கா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். "தம்பி, நீங்க மொத்தம் எத்தனை வீட்டுக்குப் பிள்ளை?"

அந்த வீட்டுக்காரி தலையைக் குனிந்தாள். "முதல் வீட்டுப் பிள்ளைதான் அக்கா. உங்க கணக்கு மோசமா வந்தா எங்களப் பாத்துக்கற திட்டத்து நர்சம்மாவ வேலைய விட்டு அனுப்பிடுவாங்களாமே."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? என் பிள்ளை எடை குறைஞ்சுதுன்னு மேலதிகாரி அவங்கள எங்க எல்லார் முன்னாடியும் நிக்கவெச்சுக் கிழிச்சாரு. எனக்குப் பிரசவத்துல ரத்தம் நிக்காம போனப்ப ஆஸ்பத்திரி வரைக்கும் கையப் புடிச்சிட்டே வந்தவங்கக்கா அவங்க."

"இவன எழுதினா உங்க நர்சம்மா தப்பிப்பாங்களான்னு எனக்குத் தெரியாதும்மா. கூட்டிக் கழிச்சுப் பாக்கறவங்க வேற ஆளுங்க. உன் பொண்ணு எங்க?"

 வீட்டுக்காரி உள்ளறைத் திரையை விலக்கினாள்.

பதினான்கு மாதம். கவுனின் உண்மையான சொந்தக்காரி. பலகையில் கிடத்தியபோது கத்தவில்லை, சிணுங்கவுமில்லை. விட்டத்தையே பார்த்தாள். ஆறு கிலோ இருநூறு. மேல்கையில் சுற்றிய, மெலிவை நிறத்தில் காட்டும் நாடா சிவப்பில் நின்றது, ஆபத்து. பலகையக்கா மறுபடி சுற்றினாள். விதிப்படி இரண்டாவது முறை. விதி இல்லாவிட்டாலும் சுற்றியிருப்பாள். சிவப்புதான்.

"இன்னைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குன்னு இழுக்காத," என்று சீட்டு எழுதும்போது வாசலில் செருப்புச் சத்தம். பலகை வந்த சேதி கேட்டு நர்சம்மா மூச்சிரைக்க மாடியேறி வந்திருந்தார். குழந்தையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"மூணு மாசமா உங்கம்மா வீட்டுல இருக்கான்னு சொன்னியே."

"உங்களுக்குப் பேச்சு விழக்கூடாதுன்னுதான் நர்சம்மா..."

"நாலு பேச்சு வாங்கினா நான் என்ன தேஞ்சா போயிடுவேன்?"  பலகையக்கா பக்கம் திரும்பினார். "என்ன வந்துச்சோ அதையே எழுதுங்க. மூணு மாசமா நான் இவளப் பாக்கலைங்கறதையும் எழுதுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லீங்க," என்றாள் பலகையக்கா. "ஓரத்துல எழுதறேன்."

எழுதினாள். நர்சம்மா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினார். சீட்டைப் பிடித்தபடி தாய் பின்னால் ஓடினாள். பலகையக்கா இரண்டாவது வீட்டின் எண்ணை ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் கையெழுத்திட்டாள். பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கதவை மறுபடி தட்டினாள்.