அப்பாவின் பென்சில் வரி

கூழாமுனைப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு போரில் எரிந்துபோனது. புலம்பெயர்ந்து லா சப்பல் உணவகமொன்றில் கோப்பை கழுவிய மரியநாயகம், ஊராரைத் தேடித் தேடிக் கேட்டு அதை ஒரு கொப்பியில் திரும்ப எழுதினார். இரண்டு சாட்சி கிடைத்தால்தான் பேனா, அதுவரை பென்சில்.

அவர் இறந்தபின், பொறியாளரான மகன் ஜெனிஸ்ரன் கொப்பியைக் கணினியில் ஏற்றினான். முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளில் ஒன்றுதான் பென்சிலில் இருந்தது: அப்பாவின் சொந்த ஞானஸ்நானம். ஒரு சாட்சி குறைந்தது. முப்பத்தோராம் நாள் நினைவுக்குள் முடிக்க நினைத்து, புறநகரான ஸ்தேனில் இருந்த ஊர்க்காரி திரேசம்மாவிடம் போனான்.

"எனக்கு அப்ப எட்டு வயது. நான்தான் மெழுகுதிரி பிடிச்சனான். உன்ர கொப்பர் கைக்குழந்தையாக் கத்தின கத்தில பங்குச் சுவாமி செபத்தையே விட்டிட்டார்."

"எண்டைக்கு மாமி?"

"மடுத் திருநாளுக்கு அடுத்த நாள்."

மடுத் திருநாள் ஓகஸ்ட் பதினைந்து; பென்சிலிலும் ஓகஸ்ட் பதினாறு என்றே இருந்தது. ஜெனிஸ்ரன் அப்பாவின் பேனாவைத் திறந்து, அவருடைய எழுத்தின் மேலேயே மெதுவாக எழுதினான்.