கணவர் பெயர் என்ற கட்டம்

பரவை ஊர் மருத்துவ முகாமுக்கான பதிவேட்டை நான்தான் கோடு போட்டுத் தயாரித்தேன். எண், பெயர், வயது, கணவர் பெயர், ஊர். ஆய்வகத்தில் சேர்ந்து அது எனக்கு இரண்டாவது வருடம்.

கர்ப்பப்பை வாயில் தடவி எடுத்ததைக் கண்ணாடிச் சில்லில் பூசி, புற்று தொடங்குகிறதா என்று வலி வருவதற்கு முன்பே பார்க்கும் பரிசோதனை அது. "நல்லாத்தான இருக்கேன், எனக்கெதுக்கு?" என்று கேட்டவர்களே அதிகம். நான்காவது கட்டத்தில் வரிசை நின்றுவிடும். புருஷன் பெயரை யாரும் வாயால் சொல்லவில்லை. கூட வந்தவர்கள் சொல்ல, எழுதிக்கொண்டேன்.

முப்பத்தொன்றாம் சில்லில் செல்கள் சரியில்லை. டாக்டரும் பார்த்து உறுதி செய்தார். பெயரும் கணவர் பெயரும் எழுதி, உடனே வரச் சொல்லிக் கடிதம் போட்டேன். வந்தவளுக்கு மறுபடி எடுத்துப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டோம். மனசு கேட்காமல் பதிவேட்டைப் புரட்டினேன். முப்பத்தொன்றுக்கு வயது நாற்பத்திரண்டு. வந்து போனவள் முப்பத்திரண்டாம் எண், வயது இருபத்தாறு. இரண்டு வரியிலும் ஒரே அம்மன் பெயர், ஒரே கணவர் பெயர்.

மறுநாள் பரவைக்குப் பஸ் ஏறினேன். விசாரித்துப் போன வெங்காய மண்டியில், வந்து போன இளையவள் என்னைக் கண்டதும் சாக்குகளுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்தது.

"அக்கா என் ஓரகத்தி. மூத்தார் பேர நான் எப்பிடிச் சொல்ல? அக்காவும் தன் புருஷன் பேரச் சொல்லமாட்டாக. கொழுந்தன் பேர அவுக சொல்லலாம்ல, அதான் ரெண்டு பேருக்கும் எங்க வீட்டுக்காரக பேரையே சொல்லிட்டாக."

மூத்தவள் தன் கணவருக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இவங்களுக்கும் ஒரு தடவை பார்க்கலாமே என்று அவரிடம் சொன்னேன்.

"இவளுக்கென்ன தாயி, கல்லு மாதிரி இருக்கா. அன்னைக்கி ஒருத்தியக் கூப்பிட்டு ஒண்ணுமில்லன்னு அனுப்புனீகள்ல? இன்னும் எம்புட்டுப் பேரு வேணும் ஒங்களுக்கு?"

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். மூத்தவள் நிமிரவில்லை. அத்தனை பேர் நடுவில் கர்ப்பப்பை என்ற சொல்லையே என்னால் எடுக்க முடியவில்லை. எழுதியது தப்பு என்று சொன்னால், பரிசோதனையும் தப்புத்தான் என்பார்கள். சும்மா இருந்தால் அது வளரும்.

இளையவள் பஸ் ஸ்டாப் வரை வந்தாள். "எனக்கு இன்னொருக்கப் பாக்கணும்னு லெட்டர் போடுங்கக்கா. என்னயத் தனியா விடமாட்டாக. தொணைக்கு எங்க அக்காதான் வருவாக."

ஒரு எண் மாறினாலும் தூங்காதவள் நான். தெரிந்தே அதே பெயருக்கு, அதே தப்பை எழுதித் தபாலில் போட்டேன்.

வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். நர்ஸ் பெயரைக் கூப்பிட்டதும் மூத்தவள்தான் எழுந்தாள். இளையவள் வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும். மூத்தவள் திரைக்கு இந்தப் பக்கம் நின்று என்னிடம் கேட்டாள்.

"இருக்குன்னு வந்துட்டா, அவுககிட்டச் சொல்லித்தான ஆகணும்?"

"ஆமா. ஆபரேஷனுக்கு அவர்தான் கையெழுத்துப் போடணும்."

வாசலைப் பார்த்தாள். வேறு யாரும் வரவில்லை.

"சரி, எடுக்குறத எடுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

புதிய படிவத்தை எடுத்தேன். வயது நாற்பத்திரண்டு என்று முதலில் எழுதினேன். கணவர் பெயரை நான் கேட்கவில்லை.