இடக்கை முடிச்சு

பேய், ஆவி என்று என் விதைக் கடையில் யாராவது வாயைத் திறந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பதுளைக் கடைத்தெருவில் வியாபாரம் பார்க்கும் இந்த ஜௌபருக்கு வேறு வேலை இல்லையா? ஆனாலும் செசிலியின் கதையை நான்தான் சொல்ல வேண்டும். அவள் விளைவித்த போஞ்சி விதையை வாங்கி விற்றவன் நான்.

செசிலி ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். புருஷன் மத்தேயு வெலிமடை மரக்கறித் தோட்டங்களில் கூலிக்குப் பூச்சிமருந்து அடிக்கப் போனான். டேங்கி ஒழுகி முதுகெல்லாம் நனைந்து, வாந்தியெடுத்தே செத்துப்போனான். அதற்குப் பிறகு செசிலியின் நிலத்தில் ஒரு சொட்டு மருந்து விழவில்லை. லய வீடுகளுக்குக் கீழே, மத்தேயுவைப் புதைத்த சவக்காலையை ஒட்டிய துண்டு நிலத்தில்தான் விதைப் போஞ்சி போட்டாள். பயத்தில் வேறு யாரும் அந்தப் பக்கம் பயிர் வைக்கவில்லை; அதனால் அடுத்தவன் தோட்டத்து நோயும் அங்கே வரவில்லை. காற்றுப் போக இடம் விட்டு நடுவாள், சாணமும் சாம்பலும் போடுவாள், சீக்குக் கண்ட செடியை அன்றைக்கே பிடுங்கி எரிப்பாள்.

"மருந்து என் வீட்டுல ஒரு ஆளத் தின்னுடுச்சு மொதலாளி. இனி எனக்கு இருக்கிறது அகஸ்டினா ஒருத்திதான்" என்பாள். மகளுக்கு அப்போது பத்து வயது.

எழுபத்தெட்டில் ஒரு நாள், வேரோடு பிடுங்கிய போஞ்சிக் கொடி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டாள். கொடியில் முடிச்சு.

"நான் போறதுக்கு முந்தியே யாரோ புடுங்கி வச்சிருக்காங்க. இந்த முடிச்சப் பாருங்க, இடக்கை முடிச்சு. சீக்குச் செடிய எரிக்கிறதுக்கு எங்க வீட்டு இடக்கைக்காரரு, அவருதான் இப்படிக் கட்டிப் போடுவாரு."

"ஒனக்கென்ன பைத்தியமா புள்ள? எவனோ குசும்பு புடிச்சவன் செஞ்ச வேலை. பச்சப்பசேலுன்னு இருக்கிற செடியப் போயி..."

கத்தியால் தண்டைப் பிளந்தேன். உள்ளே வாடல் நோயின் சிவப்புக் கோடு ஓடியிருந்தது. இலையிலோ ஒரு வாட்டம் இல்லை.

சரி, யார் என்று பார்த்துவிடுவோம் என்று ஒரு விடியலில் நானே போனேன். ஒரே பனிமூட்டம். மழையில் மண் களியாக இளகியிருந்தது. மூன்று செடிகள் பிடுங்கி, முடிச்சுப் போட்டு, வேர் கல்லறைப் பக்கமாக வைக்கப்பட்டிருந்தன. வரிசைக்குள் ஒரு காலடித் தடம்கூட இல்லை. "யா அல்லாஹ்" என்று திரும்பி நடந்தவன்தான், பின்னால் பார்க்கவேயில்லை.

அறுவடைக்கு முன்னால் ஒரு காலை, செசிலி மகளை இழுத்துக்கொண்டு கடைக்குள் ஓடி வந்தாள்.

"வாசல்ல ரோசாச் செடி, மொதலாளி. புள்ளை கோயில்ல புதுநன்மை வாங்குனப்போ அவரு வச்சது. புடுங்கி, முடிஞ்சு கெடக்கு!"

பிள்ளையோ பூசணி விதையை அளைந்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு இருமல்கூட இல்லை. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒன்றுமில்லை என்றார்கள். செசிலி நகரவில்லை. "நெஞ்சப் படம் புடிச்சுப் பாருங்க ஐயா" என்று டாக்டர் காலில் விழுந்தாள். படத்தில் நெஞ்சின் ஓரத்தில் பொட்டளவு நிழல் இருந்தது. காசநோய். இவ்வளவு சீக்கிரமாக எப்படித் தெரிந்தது என்று டாக்டர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மாதக்கணக்கில் ஊசி போட்டுப் பிள்ளை தேறிவிட்டாள். அந்த ரோசாவைச் செசிலி எரிக்கவில்லை. கல்லறைத் தலைமாட்டில் நட்டு, "சொன்னது போதும். இனி எம்புள்ளைகிட்ட வராதீங்க" என்று புருஷனை ஏசிவிட்டு வந்தாளாம். அதோடு முடிச்சு விழுவது நின்றது.

அடுத்த போகத்தில் அகஸ்டினா தாயோடு வரிசைக்குள் இறங்கினாள். பச்சையாய் நின்ற ஒரு கொடியின் முன்னால் நின்றாள். பிடுங்கினாள். இடக்கையால் முடிந்தாள். அவள் வலக்கைப் பழக்கக்காரி. செசிலி தண்டைப் பிளந்து பார்த்தாள்; உள்ளே அதே சிவப்புக் கோடு.

விதை கொண்டுவந்த அன்று இதைச் சொல்லி அழுதாள். மகள் தராசுக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள பாக்குற? கண்ண அந்தப் பக்கம் திருப்பு!" என்று கத்தினேன்.

திருப்பிக்கொண்டாள். ஆனால் இடக்கை சாக்குக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தது. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நானும் நெஞ்சைப் படம் பிடிக்கப் போனேன்.