தலையணையில் ஒத்திகை பார்த்த தவில்

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த வரிசையில் பகலில் யாரும் சத்தம் போடமாட்டார்கள். ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால், எந்த நாளிலும் ஏதாவது ஒரு வீட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும் முன்பே அடுப்பை அணைத்துவிடுவார்கள். கீரைக்காரம்மா கூவமாட்டார், கேட்டை விரலால் தட்டுவார். பிள்ளைகளைத் திட்டுவதுகூடக் கிசுகிசுவென்றுதான். அப்படித் திட்டு வாங்கி வளர்ந்தவள் நான். யாராவது கத்தித் திட்டினால் இன்றும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

கல்லூரிக் கடைசி வருடம், ஆண்டு விழாவுக்குச் சொந்தமாக இசை அமைத்துத் தருகிறேன் என்று நானாகப் போய் வாயைக் கொடுத்தேன். எட்டு வயதிலிருந்து வயலின் வாசிக்கிறேன், அடுத்தவர் போட்ட மெட்டையே எத்தனை நாள் வாசிப்பது என்ற திமிர்தான். பத்து நிமிடம் ஒதுக்கினார்கள். நாலு வாத்தியம் என்று முடிவு செய்தேன். வயலினுக்கு நான். கீபோர்டுக்குப் பக்கத்து பிளாக்கில் இருந்த வகுப்புத் தோழன். நாகஸ்வரத்துக்கு முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் தோழி. தவிலுக்கு அவளுடைய அண்ணன். அவருக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, முகூர்த்த நாட்களில் தவில்.

நடுவில் மூன்று நிமிடம் வயலினுக்கென்றே ஒரு மெட்டு போட்டிருந்தேன். மற்ற மூன்றும் கீழே இருந்து அதைத் தாங்கிக்கொண்டு போகும். பொய் சொல்வானேன், மீதி ஏழு நிமிடமும் இந்த மூன்று நிமிடத்துக்காக எழுதியதுதான். அது அப்பா கேட்பதற்காக. அதுவரை அவர் நான் மேடையில் வாசித்துப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் செகண்ட் ஷிப்ட் குறுக்கே வந்து நிற்கும். இந்த முறை யாரிடமோ கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொண்டிருந்தார். நானே இசையமைக்கிறேன் என்று சொன்னது அவருக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. "என்னத்தையோ பண்ணு. நீ வாசிக்கிறத நான் முன்வரிசையில ஒக்காந்து பாக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

ஒத்திகை எங்கள் வீட்டு முன்னறையில், விடுமுறை நாள் காலைகளில். ஒரு வாரம் மாடி வீட்டு மாமா தூங்குவார், மறுவாரம் பக்கத்து வீட்டு மாமா. அதனால் வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரையில் துணி காயப்போடும் கிளிப்பைச் செருகினேன், சத்தம் பாதியாகிவிடும். கீபோர்டின் ஒலியை அடிமட்டத்தில் வைத்தோம். அண்ணன் தவிலைக் கொண்டுவரவே இல்லை, எங்கள் வீட்டுத் தலையணையில் விரலால் தட்டினார். தோழி நாகஸ்வரத்தை உறையிலிருந்து எடுக்காமல் தன் பங்கை வாயாலேயே மெல்லப் பாடினாள். அந்த அறையில் நாலும் என்னமாய் ஒட்டிப் போயின தெரியுமா! என் வயலின் எல்லாவற்றுக்கும் மேலே மிதந்தது. ஆறு வாரம் இப்படியே ஓடியது. நாலு பேரில் ஒருவருக்காவது உறைக்க வேண்டுமே, உறைக்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள்தான் அரங்கத்தைத் திறந்துவிட்டார்கள். அண்ணன் தவிலை மடியில் வைத்து முதல் அடி அடித்ததும் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. நாகஸ்வரம் சேர்ந்துகொண்டது. என் மூன்று நிமிடம் வந்தபோது வில் மேலும் கீழும் போவது என் கண்ணுக்குத் தெரிந்தது, காதில் ஒன்றும் விழவில்லை. மைக்கைக் கூட்டினால் அது வீலென்று கத்தியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவாத்தான் அடிங்களேன்!"

"இதுக்கு மேல மெதுவான்னா உங்கூட்டுத் தலகாணியத்தான் கொண்டாரணும்மா" என்றார் அவர், கொஞ்சமும் கோபமில்லாமல்.

அண்ணனும் தங்கையும் அந்த மூன்று நிமிடம் கம்மென்று இருந்து பார்த்தார்கள். அவ்வளவு முழக்கத்துக்குப் பிறகு வயலின் தனியாக வந்தது, விருந்துச் சாப்பாட்டின் நடுவே வெந்நீர் ஊற்றியது போல இருந்தது. நான் இடித்து வைத்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"கோச்சிக்காத. அத ஒருவாட்டி நான் ஊதிப் பாக்கட்டா?" என்றாள் தோழி. "ஆறு வாரமா கேட்டுக்கினே இருந்தேன், மனப்பாடமா தெரியும்."

ஊதினாள். முதல் நிமிடம் வயிறு எரிந்தது, மறைப்பதற்கில்லை. இரண்டாவது நிமிடத்தில் எரிச்சலை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான் தொட்டு மட்டும் வந்த இடங்களில் அவள் நின்று, நிமிர்ந்து, மேலே போனாள். அந்த மெட்டு இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. வெளியே போய் ஒரு பாட்டம் அழுது, குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்து, "நீயே வாசி" என்றேன். மனசு லேசாகத்தான் இருந்தது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் அவர் நாளைக்குப் போட வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காமல் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் மேடையில் சுருதிக்காக இரண்டு தந்திகளை மட்டும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது யார் காதிலும் விழாது. முன்வரிசையில் அப்பா கழுத்தை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாகஸ்வரம் அந்த மெட்டை எடுத்தபோது அரங்கம் அப்படியே அடங்கியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முடிந்ததும் கைதட்டல் நிற்கச் சற்று நேரமானது.

கூட்டம் கலைந்த பிறகு அப்பா மேடை ஓரமாக வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஒன் சத்தமே கேக்கலையேம்மா."

"கேட்டதெல்லாம் என் சத்தந்தாம்ப்பா. அந்த நாகஸ்வரம், தவிலு, கீபோர்டு, எல்லாத்துக்கும் நான் போட்டதுதான்."

அவர் ஒவ்வொரு வாத்தியமாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மொதல்லயே சொல்லக்கூடாதா? நான் ஒன் வயலினையே தேடிக்கிட்டு இருந்து, ஒண்ணையும் ஒழுங்காக் கேக்கலையே" என்றவர், தோழியின் பக்கம் திரும்பி, "ஒருக்கா திரும்ப வாசிப்பீங்களாம்மா?" என்று கேட்டார்.

காலி நாற்காலிகளுக்கு நடுவே அப்பா மட்டும் போய் உட்கார்ந்தார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டார்.