ஐந்தாம் கம்பியில் ஒரு வண்டு

நேற்று பாலக்காட்டு வாடகை அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வலது கை நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். இடது கையில் தகராறே கிடையாது. கம்பியை அழுத்தும் கை, எப்போதும் ஒட்ட வெட்டியே இருக்கும். வலது கைக்கு நகம் வளர்த்தால் கிட்டார் கண்ணாடி மாதிரி பளீரென்று பேசும் என்பார்கள். எனக்கு அந்தப் பளீர் வேண்டாம். விரலின் சதைதான் கம்பியில் படவேண்டும். துண்டு நகம் ஒன்று துள்ளி எங்கோ விழுந்தது. தேடிக் குனிந்தவனுக்கு வட்டவடை ஜீப் ஞாபகம் வந்துவிட்டது. நகத்துக்கும் ஜீப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் அலறவேண்டும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். எனக்கு அப்போது இருபத்தொரு வயது, டிப்ளமோ முடித்த சூடு, நான் தேடியதோ வேறு. பிக் என்கிற மீட்டுத் தகடு இல்லாமல், கட்டைவிரல் கீழ்க்கம்பிகளில் நிதானமாக நடக்க, மற்ற விரல்கள் மேலே பாடவேண்டும். ஒவ்வொரு சுரமும் உருண்டையாக, ஓரம் தேய்ந்த கூழாங்கல் மாதிரி விழவேண்டும். கேட்க எளிமை. ஆனால் அலறும் கிட்டாரில் தப்பு ஒளிந்துகொள்ள ஆயிரம் இடம் உண்டு; இதில் ஒரு பிசிறு விழுந்தால் கூடம் முழுக்கத் தெரிந்துவிடும்.

கூடம் என்றது மூணாறு போகும் வழியில் ஒரு தங்கும் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தை. அங்கே வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. சாவி கொடுப்பது, சாவி வாங்குவது. மேலாளர் ஜோஸ் சாரைக் கெஞ்சிக் கூத்தாடி, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்க அனுமதி வாங்கியிருந்தேன்.

"மூணு சனிக்கிழமை தரேன் கேட்டோ. கெஸ்ட் சாப்பிடணும், பேசணும், உன் கிட்டார் இடைஞ்சல் ஆகக்கூடாது. சரியாயில்லேன்னா பழையபடி ஸ்பீக்கர்ல பாட்டு. நீ கவுண்டர்ல இருந்தா மதி."

மதி என்றால் போதும். அந்தப் 'போதும்'தான் எனக்குப் போதவில்லை. தலை நரைத்த பிறகும் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் என்னையே அன்று பார்த்துவிட்டேன்.

கேரட்டும் பூண்டும் விளையும் எங்கள் மலையூர் வட்டவடை; வாரம் முழுக்க, வேலை முடிந்ததும் அங்கே வீட்டில் பயிற்சி. அதனால் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வீட்டிலேயே இருக்கும். பின்பக்கம் திறந்த பழைய பெட்டி அது. சனிக்கிழமை காலை செல்வத்தின் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவேன். செல்வம் என் கூடப் படித்தவன். கேரட், பூண்டு மூட்டைகளை மூணாறுக்குக் கொண்டுபோகிறவன். ஆம்ப்பைப் பூண்டு மூட்டைகள் மேல் வைத்து, பனி படக்கூடாதென்று காலிச் சாக்கு ஒன்றால் காது மூக்கெல்லாம் மூடுவேன்.

"கல்யாணப் பொண்ணையாடா கூட்டிட்டுப் போற? குளிருதான்னு கேட்டுக்க மாப்ள" என்பான்.

முதல் சனிக்கிழமை. ஐந்தாம் கம்பியை இடது விரல் அழுத்தாமல், திறந்து மீட்டியதும் 'கிர்ர்' என்று ஒரு ஒலி. வேறெங்கும் இல்லை, அங்கே மட்டும். பக்கத்து மேசையில் இருந்த தம்பதி, தட்டுகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு மூலை மேசைக்குப் போனார்கள். அவர்கள் முதுகை இன்றைக்கும் என்னால் வரையமுடியும்.

அடுத்த ஆறு நாளில் நான் செய்யாத வைத்தியம் இல்லை. கம்பிகளை மாற்றினேன். கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பை இறக்கினேன். கம்பிகளைத் தூக்கி வைத்தேன். மின்சாரத்தைத் திட்டினேன். எதற்கும் அசையவில்லை. கடைசியில் ஒளித்துவைக்கப் பார்த்தேன்: ஆம்ப்பில் ட்ரெபிளைக் குறைத்து, கிட்டாரில் கழுத்தோரப் பிக்கப்புக்கு மாறி, டோனைப் பாதிக்கு இறக்கி, வால்யூமையும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன். கட்டைவிரலின் பக்கவாட்டுச் சதையால், கதவைத் திறந்து பார்க்கும் பூனை மாதிரி கம்பியைத் தொட்டேன். ஓங்கி மீட்டினால்தானே அது முழிக்கும்!

இரண்டாம் சனிக்கிழமை யாரும் எழுந்து போகவில்லை. ஜோஸ் சார் மட்டும் வந்தார். "பரவால்ல. ஆனா உள்ள ஒரு வண்டு உண்டு. அது போகணும்."

மூன்றாம் சனிக்கிழமை மதியம். ஆம்ப்பை அரை மணி நேரமாக ஓடவிட்டு, சூடாகிவிட்ட பெட்டியின் முன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். ஜோஸ் சார் கடந்து போனவர் நின்றார். மூக்கைச் சுளித்தார்.

"எடா, இதென்ன வெளுத்துள்ளி மணம்?"

வெளுத்துள்ளி நம் பூண்டுதான். நான் மோந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த செல்வத்தைக் கூப்பிட்டேன். அவனும் கண்ணை மூடி, பயபக்தியோடு மூச்சை இழுத்தான்.

"ஒண்ணும் வரலையே சார்."

"நீங்க ரெண்டும் வட்டவடை, வெளுத்துள்ளில பிறந்தது. உங்க மூக்கு ஒண்ணுக்கும் கொள்ளாது" என்றபடி அவரே குனிந்து பெட்டியின் பின்பக்கத்தில் மூக்கை நுழைத்தார். "தா, இங்கதான்!"

போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில், ஒரு ஓரம் ஒட்டி மறு ஓரம் தூக்கிக்கொண்டு, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பூண்டுத் தோல். பனி ஈரத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தது.

"அடப்பாவி, நீ போத்துன சாக்குதான்டா!" செல்வம் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "பொண்ணு தலையில பூண்டு வச்சுக்கிட்டுல்ல கச்சேரிக்கு வந்திருக்கா!"

ஊதினேன், போகவில்லை. விரல் நுனியை எச்சிலில் தொட்டு ஒற்றி எடுத்தேன். ஐந்தாம் கம்பியைத் திறந்து மீட்டினேன். மணி அடித்த பிறகு கோயிலில் ஒரு நாதம் மிச்சமிருக்குமே, அப்படி ஒன்று நின்றது.

இறக்கிவைத்த ட்ரெபிள், டோன் குமிழ்களை நான் திரும்ப ஏற்றவில்லை. கையும் அந்தப் பூனை நடையை விடவில்லை. ஒளிப்பதற்காகக் கற்றுக்கொண்டதெல்லாம், ஒளிக்க எதுவும் இல்லாதபோதுதான் அழகாகக் கேட்டது. எதிரொலி மாதிரி கொஞ்சம் ரிவெர்ப் மட்டும் சேர்த்தேன், குழம்பில் பெருங்காயம் அளவுக்கு. அன்று இரவு என் பக்கத்து மேசைதான் முதலில் நிரம்பியது. ஒரு அம்மாள் பரிமாறுகிறவரிடம், தட்டை மெதுவாக வைக்கும்படி கையாலேயே சொன்னார். நிமிர்ந்து பார்த்தால், கவுண்டரில் உட்கார்ந்து சாவி கொடுத்துக்கொண்டிருப்பது ஜோஸ் சார்! முடிந்ததும், "அடுத்த சனி, ஏழு மணி" என்றார். இரண்டு வருடம் வாசித்தேன்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். ஜோஸ் சார் அங்கேதான் இருக்கிறார். சாப்பாட்டுக் கூடம்தான் இல்லை. சுற்றிலும் பலகைச் சுவர், தாழ்ந்த மரக்கூரை, தடித்த திரைச்சீலை என்று இருந்த இடத்தில் மூன்று பக்கமும் கண்ணாடி, வழுவழுவென்று டைல்ஸ் தரை. உட்கார்ந்த இடத்திலேயே மலை தெரிகிறது.

"கிட்டார் வண்டியில உண்டோ? ரெண்டு வாசி" என்றார்.

நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினேன். சத்தம் கண்ணாடியில் பட்டு, கன்னத்தில் விழும் அறை மாதிரித் திரும்பி வந்தது.

"இங்க முடியாது சார்."

"ஏன், கை விட்டுப்போச்சோ?"

"கை அப்படியேதான் இருக்கு. ரூம்தான் போச்சு."

அவரும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். இன்னொரு முறையும் தட்டினார். அந்தப் பலகைகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கிச்சனுக்கு விறகாப் போச்சு" என்றார். "ஒரு மழைக்காலம் முழுக்க வந்தது."